லாரிக்கு முன்னால் நின்ற சைக்கிள், ஒருவழியாக

மூன்று வாரமாகக் கண்ணாமூச்சி காட்டிய சைக்கிள் நேற்று மாலை என் ரேடார் திரையில் தனிப் புள்ளியாக வந்து நின்றது. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் உள்ள திறந்தவெளி கார்பார்க்தான் களம். 12 மீட்டர் தள்ளி ஒரு லாரி. அதன் பின்பலகைக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் அக்கா மகன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். போர்டு அதே பழைய 77 கிகாஹெர்ட்ஸ் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ரேடார் போர்டு. சிர்ப், அதாவது அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் அலைத் துடிப்பு, 1 கிகாஹெர்ட்ஸ் அகலம், அதனால் தொலைவை அளக்கும் ஒரு கட்டம் 15 சென்டிமீட்டர்.

சைக்கிள் ஓடினால் கவலையே இல்லை, டாப்ளர், அதாவது வேகத்தால் அலையில் வரும் அதிர்வெண் மாற்றம், பிரித்துக் கொடுத்துவிடும். நிறுத்திக் காலை ஊன்றினால் ஆள் காலி. கோணத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், என் எட்டு மெய்நிகர் ஆன்டெனாவுக்கு (அனுப்புவதையும் வாங்குவதையும் ஜோடி சேர்த்துக் கணக்கில் கிடைப்பவை) பிரிக்க முடிவது ஏறக்குறைய 15 டிகிரி. 12 மீட்டரில் அது 3 மீட்டர் அகலம். லாரி, சைக்கிள், பையன் எல்லாம் ஒரே மூட்டை. மிஞ்சியது தொலைவு மட்டும், அதுவும் நாலே கட்டம்.

முதலில் சாளரத்தை, அதாவது பதிவின் இரு ஓரத்தையும் மெல்லத் தணிக்கும் கணக்கை, சந்தேகப்பட்டேன். சாளரமே போடாமல் விட்டிருந்தது என் சோம்பல்தான்: பக்க மடல் (வலுவான எதிரொலி பக்கத்துக் கட்டங்களில் கசிவது) வெறும் 13 டெசிபல் கீழே, லாரியின் கசிவிலேயே சைக்கிள் மூழ்கிவிடும். ஹான் என்ற சாளரத்தைப் போட்டதும் 31 டெசிபல். வரைபடத்தில் சின்னதாக ஒரு மேடு எழுந்தது. கண்ணுக்குத் தெரிகிறது, சிஃபார் (பொருளா, இரைச்சலா என்று முடிவுசெய்யும் கணக்கு) மட்டும் இல்லை என்கிறது!

இங்கேதான் மூன்று வாரமும் போனது. சராசரி எடுக்கும் சிஃபார், பக்கத்துக் கட்டங்களின் சராசரியை இரைச்சல் என்று நம்பி வாசலை, அதாவது புள்ளியாக எண்ணத் தாண்ட வேண்டிய அளவை, வைக்கிறது. அந்தப் பக்கத்துக் கட்டங்களில் உட்கார்ந்திருப்பதே லாரி. வாசல் லாரி உயரத்துக்கு ஏறினால் சைக்கிள் எப்படித் தாண்டும்? சராசரியை விட்டுவிட்டு, கட்டங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திக் குறிப்பிட்ட இடத்து மதிப்பை எடுக்கும் முறைக்கு மாறினேன். ரேடார் ஆய்வாளர் ரோலிங் 1983இல் எழுதியதுதான், புதிது ஒன்றும் இல்லை. எல்லாரும் சொல்வதுபோல 16 கட்டம், 12ஆவது மதிப்பு. அப்படியும் வரவில்லை. அன்றைக்கு மழையும் சேர்ந்துகொண்டது, வயரையெல்லாம் சுருட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு ஓடினோம்.

வீட்டில் பதிவை ஒவ்வொரு கட்டமாக எண்ணிப் பார்த்தபோதுதான் விளங்கியது. 16இல் 12ஆவது என்றால் நாலு கட்டம் கெட்டுப்போகலாம், அதற்கு மேல் தாங்காது. லாரியோ பின்பலகை, சட்டம், சக்கரம் என்று ஆறு கட்டத்தைப் பிடித்திருந்தது. 24 கட்டம், 16ஆவது மதிப்பு என்று மாற்றினேன். எட்டு வரை தாங்கும். நேற்று முதல் ஓட்டத்திலேயே புள்ளி வந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் லாரிக்காரர் இறங்கி வந்து, "அண்ணே, வண்டில ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார்.

நடுவில் ஒரு புலம்பல். இணையத்தில் வாங்கிய 5 வோல்ட் அடாப்டரில் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது, சிர்ப் தொடங்கியதும் போர்டு தானாக அணைந்து எழுந்தது. மென்பொருள் கோளாறு என்று இரண்டு இரவு தேடினேன். பிறகு மின்னணுப் பொருள் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் ஓர் அங்கிள், மீட்டர் வைத்துக் காட்டியே வேறொன்று கொடுத்தார். அப்புறம் தொல்லையே இல்லை.

வாசலை எத்தனை டெசிபல் தூக்குவது என்பது இன்னும் பாக்கி. கம்பிவேலிப் பக்கம் பொய்ப் புள்ளிகள் வருகின்றன. ஆனால் மனம் அதற்குள் போர்டை மழையிலிருந்து காக்கும் மூடிக்குப் போய்விட்டது. தபாவ் (பார்சல் சாப்பாடு) டப்பா மூடி பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். அலை தடையில்லாமல் போக, தடிமன் பிளாஸ்டிக்குக்குள் அரை அலைநீளம் இருக்க வேண்டும், கிட்டத்தட்ட 1.3 மில்லிமீட்டர். வீட்டில் இருப்பதை அளந்தால் 0.6. இரண்டை ஒட்டிப் பார்க்கலாம் என்றேன். "அப்படின்னா நாளைக்கும் சிக்கன் ரைஸா, மாமா?" என்கிறான் பையன்.