ஐந்து குடம் தண்ணீரும் ஒரு சின்ன டிரெய்லரும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் குடியேறும் நம்மவர்கள் பலர் ராக்கி மலையை ஒருநாள் பயணமாகத்தான் பார்க்கிறார்கள். காலையில் கால்கரியில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பி, பான்ஃப், லேக் லூயிஸ் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவது. வந்த புதிதில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். கோடையில் மலையில் தங்கலாம் என்றால் ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாது. தேசியப் பூங்காவின் கேம்பிங் இடங்களோ முன்பதிவு திறந்ததும் தீர்ந்துபோகும்.

பூங்கா எல்லைக்கு வெளியே அரசின் பொது நிலம் பரந்து கிடக்கிறது என்பதும், அங்கே முன்பதிவே இல்லாமல் தங்கலாம் என்பதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் உள்ள பொது நிலத்தில் கேம்பிங் செய்ய, 2021இலிருந்து 18 வயதான ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ் வேண்டும். மூன்று நாளுக்கு 20 டாலர், ஆண்டு முழுவதற்கும் 30 டாலர். ஒரே இடத்தில் 14 நாள் வரை தங்கலாம். கரண்ட் இருக்காது, குழாய் இருக்காது, குப்பைத்தொட்டிகூட இருக்காது. எல்லாவற்றையும் நாமே கொண்டுபோய் நாமே திரும்ப எடுத்து வரவேண்டும்.

கூடாரம் போதாதா என்று கேட்கலாம். இளைஞர்களுக்குப் போதும். எங்களுடன் பத்து வயது மகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் இருந்தார்கள். ஆகஸ்ட் மாதத்திலும் மலையில் இரவு 5 டிகிரிக்குக் கீழே இறங்கும். அப்புறம் கரடி. லேக் லூயிஸில் கூடாரம் போடும் பகுதியைச் சுற்றி மின்வேலி போட்டிருக்கிறார்கள். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும், கெட்டிச் சுவர் உள்ள டிரெய்லர் வீடுகளுக்குத் தனி இடம். அந்த வேலியைப் பார்த்த அன்றே என் மனைவி டிரெய்லர்தான் என்று முடிவுசெய்துவிட்டாள்.

டிரெய்லர் விற்கும் இடத்துக்குப் போனால் முதலில் கேட்பது, எத்தனை பேர் படுக்கவேண்டும் என்றுதான். பிறகு டிவி, மைக்ரோவேவ், வெளியே நீட்டும் சன்ஷேடு என்று காட்டிக்கொண்டே போவார்கள். முதலில் பார்க்கவேண்டியது நம் காரின் ஓட்டுநர் கதவை ஒட்டி இருக்கும் ஸ்டிக்கரை. ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் அச்சிட்டிருக்கும். டிரெய்லர் காரின் கொக்கியில் அழுத்தும் எடையையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கவேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கும்.

எங்களிடம் இருப்பது டொயோட்டா சியன்னா. இங்கே தமிழ்க் குடும்பங்களில் அதிகம் காணும் வண்டி. அதன் இழுவைத் திறன் 3,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,590 கிலோ. இந்த எண்ணை வைத்துக்கொண்டு 1,500 கிலோ டிரெய்லர் வாங்கலாம் என்று நினைக்கக்கூடாது. விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் காலி டிரெய்லரின் எடை. பேட்டரி, நிரப்பிய கேஸ் சிலிண்டர், தண்ணீர், பாத்திரம், அரிசி, போர்வை எல்லாம் ஏறினால் 200, 300 கிலோ சுலபமாகக் கூடிவிடும். நாங்கள் வாங்கிய 16 அடி டிரெய்லர் எல்லாச் சுமையுடனும் எடைமேடையில் 1,150 கிலோ காட்டியது. மலை ஏற்றத்தில் வண்டி திணறாமல் போக இந்த இடைவெளி அவசியம். ஆல்பர்ட்டாவில் 910 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு அதன் சக்கரங்களிலேயே பிரேக் இருக்கவேண்டும். அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைக் காரில் பொருத்திக்கொள்ள வேண்டும். ஓட்டுவதற்குச் சாதாரண கிளாஸ் 5 உரிமமே போதும்.

பழைய டிரெய்லர் வாங்குவதென்றால் என் யோசனை ஃபைபர்கிளாஸ்தான். மரச்சட்டத்தில் தகடு அடித்துச் செய்யும் டிரெய்லரில் கூரையும் சுவரும் சேரும் இடங்களில் தண்ணீர் இறங்கி, உள்ளே மரம் மக்கிப்போவது வெளியே தெரியாது. ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் மேல் பாதியும் கீழ்ப் பாதியுமாக இரண்டு வார்ப்புகள், நடுவில் ஒரே இணைப்பு. கூரையில் தையலே இல்லை. 1968இல் கனடாவின் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ உருவாக்கிய போலர் டிரெய்லரில் இந்த வழக்கம் இங்கே தொடங்கியது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய போலர்கள் இன்றும் ரோட்டில் ஓடுகின்றன. மினசோட்டாவின் ஸ்கேம்ப், பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்கேப் எல்லாம் அதே வகை. பழையதாக இருந்தாலும் விலை அதிகம் இறங்காது, அது உண்மை. ஆனால் விற்கும்போதும் அதே விலை கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது ஜன்னல், கூரை விசிறி இருக்கும் ஓரங்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தையைத் தூக்கி அடியில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் எல்லா மூலையிலும் நின்று பாருங்கள், எங்கேயாவது மெத்தென்று இறங்கினால் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை, பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

இனி தண்ணீர். கரண்ட் இல்லாமல்கூட இருந்துவிடலாம். எத்தனை நாள் காட்டில் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். எங்கள் டிரெய்லரின் தொட்டி 75 லிட்டர். அம்மா அதைக் கேட்டதும் சொன்னது: "அஞ்சு குடம். போதும்யா."

அம்மா ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்ந்தவர். அங்கே தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளில் கிடைத்த குடங்களை வைத்து அடுத்த முறை வரும்வரை குடும்பம் நடத்தியவர். கால்கரியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் எங்களைப் பார்த்து அவர் வருத்தப்படுவதுண்டு. காட்டில் முதல் நாள் இரவு நான் தட்டுகளைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தேன். "ஏய்யா, இம்புட்டுத் தண்ணி எதுக்கு? மொதல்ல காகிதத்தால தொடைச்சிட்டுக் கழுவு" என்றார். அதிலிருந்து சமையலறை அவர் கைக்குப் போனது.

அவர் செய்தது இதுதான். தட்டில் ஒட்டியதை வழித்துத் துடைத்துவிட்டு, ஒரு சின்னப் பேசினில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். நான்கு பேர் சாப்பிட்ட பாத்திரம் முழுவதும் மூன்று லிட்டரில் முடிந்தது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியை ஊறப்போட்டுக் குழம்பு வைத்தார். பருப்பும் சோறும் குக்கரில் ஒரே அடுக்கில். மலையில் குக்கர் இல்லாமல் முடியாது. 1,300 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும், திறந்த பானையில் பருப்பு வேக நேரமும் கேஸும் வீணாகும். குடிக்கத் தனியாக இரண்டு 20 லிட்டர் கேன் காரில் வைத்திருந்தோம்.

கழிப்பறை பற்றியும் சொல்லவேண்டும், யாரும் சொல்வதில்லை. நமக்குக் காகிதம் மட்டும் போதாது, ஒரு சொம்பு தண்ணீராவது வேண்டும். சின்ன டிரெய்லரில் இருக்கும் கழற்றி எடுக்கும் கழிவுப்பெட்டி 20 லிட்டர் அளவில்தான் இருக்கும். நம் பழக்கத்தில் அது சீக்கிரம் நிறையும். சின்னக் குவளை ஒன்றை அளவாக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் காட்டில் கொட்டக்கூடாது, அதற்கும் தொட்டி உண்டு. குழம்பு வாசனை கரடியைக் கூப்பிடும். சமைத்து முடித்ததும் அடுப்பு, குப்பை, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும். கருவாட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டி டிரெய்லரில் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்து வாங்குங்கள். 75 லிட்டர் என்பது 75 கிலோ. தொட்டி சக்கரத்துக்குப் பின்னால் இருந்தால், நிரப்பியதும் கொக்கியில் எடை குறைந்து வண்டி ஆடும். சக்கரத்துக்கு மேலேயோ சற்று முன்னேயோ இருப்பது நல்லது.

கரண்டுக்கு 100 ஆம்ப்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி ஒன்றும் 200 வாட் சோலார் பேனலும் எங்களுக்குப் போதுமாக இருக்கின்றன. பழைய ஈய-அமில பேட்டரியில் பாதி அளவுக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எடையும் இரண்டு மடங்கு. 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்தான் அதிகம் இழுக்கும், நாளுக்கு 30 முதல் 40 ஆம்ப்-மணி. ஒன்று மட்டும் மறக்கவேண்டாம்: லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. செப்டம்பர் காலையில் இங்கே அது நடக்கும். அதனால் பேட்டரியை வெளியே முன்பக்கத்தில் வைக்காமல் உள்ளே இருக்கைக்கு அடியில் வைத்தோம்.

மிக்ஸி ஓடுமா என்றுதான் நண்பர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஓடும். 110 வோல்ட், 550 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் இன்வெர்ட்டர் போட்டிருக்கிறோம். சட்னி அரைக்க இரண்டு நிமிடம், பேட்டரியில் இரண்டு ஆம்ப்-மணிகூடக் குறையாது. இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இதில் நடக்காத காரியம். அது இழுக்கும் கரண்ட் மிக அதிகம்.

ஹீட்டருக்கு 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர். 16,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) ஹீட்டர் விடாமல் எரிந்தால் 27 மணி நேரம் வரும். இரவில் விட்டுவிட்டு மூன்று நான்கு மணி நேரம்தான் எரியும் என்பதால் ஒரு வாரம் தாங்கும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலைசெய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அழுத்திப் பாருங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் சமைக்கும்போது கூரை விசிறியைத் திறந்து வையுங்கள். குளிர் காய்வதற்காக அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது.

எங்களுக்குப் பிடித்த இடம் நோர்டெக் ஊருக்கு மேற்கே, 11ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஏப்ரஹாம் ஏரி. 1972இல் பிக்ஹார்ன் அணை கட்டியபோது உருவான நீர்த்தேக்கம் இது. ஸ்டோனி பூர்வகுடி மக்கள் வாழ்ந்து வேட்டையாடிய கூட்டனே சமவெளியின் ஒரு பகுதி அதில் மூழ்கியது. அந்தச் சமவெளி இன்றும் அவர்களுக்குப் புனிதமான இடம். மரங்களில் வண்ணத் துணி கட்டியிருப்பதைப் பார்த்தால் தொடாமல், படம் எடுக்காமல் விலகிப் போகவேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஏரிக்கரையில் காற்று மிகக் கடுமையாக அடிக்கும். சன்ஷேடைத் திறந்துவைத்து நடக்கப் போய்விடாதீர்கள்.

வீடு திரும்பியபின் உள்ள வேலைகள் சுருக்கமாக. கால்கரியில் வீட்டு முன்னால் தெருவில் டிரெய்லரை நிரந்தரமாக நிறுத்த முடியாது. ஏற்றி இறக்க 36 மணி நேரம்தான். ஊருக்கு வெளியே வாடகைக்கு நிறுத்துமிடம் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவையும் வாங்கும்போதே கணக்கில் சேருங்கள். உறைபனி வருவதற்கு முன் குழாய்களை வடித்து, ஆன்டிஃப்ரீஸ் என்னும் இளஞ்சிவப்பு நிற உறையாத் திரவத்தை ஊற்றவேண்டும், இல்லையென்றால் குழாய் வெடிக்கும். டிரெய்லர் பதிவு ஒருமுறை செய்தால் போதும், வருடாவருடம் புதுப்பிக்கத் தேவையில்லை.

ஏப்ரஹாம் ஏரிக்குக் கிளம்புகிறவர்கள் பாஸை வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கிவிடுங்கள். நோர்டெக் தாண்டினால் போனில் சிக்னல் இருக்காது. பெட்ரோலையும் நோர்டெக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.