லைன் வீடு, ஐப்பசி 2012

அக்டோபர் 18, வியாழன்
இன்றைக்கு மொத்தம் 14 மணி நேரம் கரண்ட் இல்லை.

அக்டோபர் 20, சனி
சம்பளம். ஆறு நாளும் போய் மூன்றரை ஷிப்ட்தான் சேர்ந்தது. பெரிய கம்பெனிகளில் ஜெனரேட்டர் ஓடுகிறது. நாங்கள் பனியன் தைக்கிற சின்ன யூனிட்டில், அதுதான் பவர் டேபிள், கரண்ட் போனால் ஓவர்லாக் மிஷின் முன்னால் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். டீசல் போட்டு ஓட்டினால் ஓனருக்கும் கட்டாது.

அம்மாயிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, ஆவி மிஷினில் ஊற்றுகிற மருந்துக் குப்பி ஐந்து வாங்கினேன். மளிகைக் கடைப் பாக்கி அடுத்த வாரம்.

அக்டோபர் 21, ஞாயிறு
ராத்திரி ஒன்றே காலுக்கு அம்மாயிக்கு இழுப்பு வந்துவிட்டது. கரண்ட் இரண்டு மணிக்குத்தான். குப்பியின் கழுத்தை முறுக்கி மருந்தை ஆவி மிஷினில் ஊற்றி, மாஸ்க்கையும் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாயி இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போகிறது. பனியன் பெட்டி அட்டையால் விசிறினேன். "போதும் கண்ணு, கை நோகும்" என்றது. அதைச் சொல்லவே மூன்று தடவை மூச்சு வாங்கியது.

இரண்டு ஐந்துக்கு வந்தது. மிஷின் உறுமுகிறது, புகை வரவில்லை. வோல்டேஜ் இல்லை. கரண்ட் வந்ததும் எல்லா வீட்டிலும் எழுந்து மாவாட்டுவார்கள், உப்புத் தண்ணி மோட்டார் போடுவார்கள். வேறு எப்போது செய்வார்கள்? நான்காவது வீட்டுக் கதவைத் தட்டினேன். "அக்கா, அம்மாயிக்கு..." என்றதுமே கிரைண்டரை நிறுத்திவிட்டார். அவரே போய் மற்ற வீடுகளிலும் சொன்னார். லைன் முழுக்க அமைதியானது. அப்புறம்தான் மாஸ்க்கில் புகை வந்தது.

அந்த அக்காவின் மாவு பாதியில் நின்றது. கரண்ட் மறுபடி போகும்வரை அவர் கிரைண்டரைப் போடவில்லை.

அக்டோபர் 22, திங்கள்
பல்லடம் போகிற வழியில் பார்த்தேன். கரண்ட் எடுக்கிற காற்றாலைக் காத்தாடி ஒன்றுகூடச் சுற்றவில்லை.

அக்டோபர் 23, செவ்வாய்
ஆயுத பூஜை. டேபிளில் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தோம். பொரி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாயியின் ஆவி மிஷினுக்கும் சந்தனம் வைத்துக் கும்பிட்டேன்.

அக்டோபர் 26, வெள்ளி
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீட்டுக் கூரை ஓடுகளையே தூக்கும். காத்தாடி சுற்றுகிற வரைக்கும் கரண்ட் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இப்போது காற்று அடங்கிவிட்டது. கூடங்குளம் ஓட ஆரம்பித்தால் சரியாகும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அம்மாயி கேட்கிறது: "அது எங்கிருக்குது கண்ணு? ரொம்பத் தூரமா?"

ரொம்பத் தூரம், அம்மாயி.

அக்டோபர் 29, திங்கள்
டாக்டர் கரண்ட் வேண்டாத மருந்துப் பம்பு எழுதிக் கொடுத்தார், கூடவே ஒரு பிளாஸ்டிக் குடுவை. பம்பை ஒரு தடவை அழுத்தி, குடுவையில் வாயை வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். அம்மாயி இழுக்காமல் ஊதுகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்: "சூடு டீயை உறிஞ்சுவீங்கல்ல, அப்படி." பத்துத் தடவைக்கு இரண்டு தடவை சரியாக வந்தது.

அக்டோபர் 31, புதன்
நீலம் புயல் மகாபலிபுரம் பக்கம் கரையைக் கடந்ததாம். இங்கே குளிர்தான். அம்மாயிக்கு அந்தக் குளிர் ஆகவில்லை.

நவம்பர் 2, வெள்ளி
ராத்திரி இருட்டில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குடுவையில் கொடுத்தோம். நான்கு மூச்சு, ஒன்றுகூட வெளியே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டது. தூங்குகிறதுதானே என்று மூக்குக்கிட்டே விரலை வைத்துப் பார்த்தேன். கரண்ட் வந்தது எனக்குத் தெரியவில்லை. நான்காவது வீட்டுக் கிரைண்டர் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

நவம்பர் 5, திங்கள்
16 மணி நேரம். தீபாவளிக்கு எட்டு நாள். குப்பி இரண்டு இருக்கிறது.