வீட்டில் ஆர்க் வெல்டிங்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 2

புது மெஷின் வந்தவுடன் ராடைச் (உருகி இணைப்பை நிரப்பும் பூச்சுக் கம்பி) செருகிப் பொறி பறக்கவிடத்தான் கை துறுதுறுக்கும். அதற்கு முன் படிக்க வேண்டியது மெஷினின் பின்பக்கத் தகடு. இது 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின், சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட். 200 ஆம்புக்கு நேரே டியூட்டி சைக்கிள் 60% என்று போட்டிருக்கிறது. அதாவது 10 நிமிடத்தில் 6 நிமிடம் பற்றவைக்கலாம், மீதி 4 நிமிடம் ஃபேன் ஓடியபடி ஆற வேண்டும். ஆம்பைக் குறைக்கக் குறைக்க இந்த விகிதம் கூடும். சூடேறி மஞ்சள் விளக்கு எரிந்தால் பதறிப்போய் சுவிட்சை அணைக்கக் கூடாது. ஃபேனும் நின்றுவிடும், உள்ளே தேங்கிய சூடு வெளியேற வழியிருக்காது.

அடுத்த கேள்வி, வீட்டு லைன் தாங்குமா? கணக்கு எளிது. ஆர்க்கின் (ராடு முனைக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடர்) வோல்டேஜ் ஏறத்தாழ 20 + (0.04 × ஆம்ப்). 2.5 மிமீ ராடுக்கான 80 ஆம்பில் 23.2 வோல்ட், பெருக்கினால் சுமார் 1,860 வாட். மெஷினின் திறனை 85 சதவீதம், பவர் ஃபேக்டரை (லைனில் இழுப்பதில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.7 என்று வைத்துக்கொண்டால் லைனில் இழுப்பது 13 முதல் 14 ஆம்ப். இதே கணக்கை 3.15 மிமீ ராடுக்கான 130 ஆம்புக்குப் போட்டால் 24 ஆம்ப் வருகிறது. ஆக, 2.5 மிமீ ராடுக்கு 16 ஆம்ப் பாயின்ட் போதும். 3.15 மிமீ ராடை அதே பாயின்ட்டில் ஓட்டினால் முதலில் சூடாவது ப்ளக் பின், பிறகு சாக்கெட்டின் உள்பக்கம், பிறகு சுவருக்குள் போகும் ஒயர். ப்ளக்கைத் தொட்டுப் பார்த்துக் கை பொறுக்கவில்லை என்றால் அந்தப் பாயின்ட் இந்த வேலைக்கு ஆகாது.

ஜூன் 4

மெஷினுக்கென்று தனி லைன் இழுத்தாயிற்று. மெயின் போர்டிலிருந்து 6 சதுர மிமீ செம்புக் கம்பி, 32 ஆம்ப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியில் 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எம்சிபி சி வகையாக இருக்கட்டும். பி வகை போட்டால் மெஷினை ஆன் செய்யும் நொடியில் பாயும் கரண்டுக்கே விழுந்துகொண்டிருக்கும். போர்டு வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். எர்த் ஒயர் உண்மையிலேயே எர்த்துடன் சேர்ந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவரை அனுப்ப வேண்டும்.

எர்த் கிளாம்ப் ஒன்று வேலைத்துண்டில் மாட்டியிருக்கிறதே, பிறகு ப்ளக்கில் மூன்றாவது பின் எதற்கு என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு சர்க்யூட். கிளாம்ப், வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பி வரும் வழி. மூன்றாவது பின், மெஷினுக்குள் இன்சுலேஷன் போய் 230 வோல்ட் மெஷினின் வெளிக்கூட்டில் ஏறினால் மனிதரைக் காப்பாற்றும் வழி. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாவிட்டால் 16 ஆம்ப் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மிமீ ஒயர், 20 மீட்டருக்கு மேல் வேண்டாம். ரீலில் சுற்றியிருப்பதை முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். சுற்றியபடி ஓட்டினால் சூடு உள்ளேயே தங்கி மேலுறை உருகி ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 7

இன்று கேபிள்கள். இந்த வேலையில் நினைவில் நிற்க வேண்டியது ஒன்றே: கரண்ட் ஒரு வட்டம். மெஷின், ஹோல்டர் (ராடைக் கவ்வும் கைப்பிடி), ராடு, ஆர்க், இரும்பு, கிளாம்ப், மறுபடி மெஷின். ஆர்க் சரியில்லை என்றால் இந்த வட்டத்தில் எங்கோ தடை இருக்கிறது. அதைத் தேடாமல் ஆம்ப் திருகைத் திருகுவதில்தான் பலருக்கும் நேரம் வீணாகிறது.

150 ஆம்ப் வரை குட்டைக் கேபிளுக்கு 25 சதுர மிமீ செம்பு போதும். அதற்கு மேலே 35. முன்பக்க சாக்கெட்டில் கனெக்டரைச் செருகிக் கால் சுற்று இறுக்கமாகத் திருப்ப வேண்டும். லூசாக நின்றால் அந்த இடமே உருகும். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் துரு, பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது. கிரைண்டரால் தேய்த்து வெள்ளையாக்கிய இரும்பில், பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இரண்டு ராடு தொடர்ந்து எரித்துவிட்டுக் கையுறையுடன் கிளாம்பைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கொதித்தால் பிடிப்பு மோசம். ஆர்க்குக்குப் போக வேண்டிய சக்தி அங்கே எரிகிறது.

கிளாம்பைத் தள்ளி இருக்கும் வேறொரு இரும்பில் மாட்டி, "எப்படியாவது கரண்ட் வந்துவிடும்" என்று விடுவது ஆபத்து. கரண்ட் எப்படியாவதுதான் வரும்: வேலைத்துண்டின் மேல் வைத்திருக்கும் கிரைண்டரின் எர்த் ஒயர் வழியாக வரலாம், பேரிங் வழியாக வரலாம். ஒயர் கருகும், பேரிங் குண்டுகளில் குழி விழும். வாகனத்தில் பற்றவைப்பதாக இருந்தால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

போலாரிட்டி, அதாவது ஹோல்டர் பிளஸ்ஸிலா மைனஸ்ஸிலா என்பது (7018, 6013 என்பவை ராடின் வகை எண்கள்): 7018 ராடுக்கு ஹோல்டர் பிளஸ்ஸில். 6013 இரண்டிலும் எரியும். மெல்லிய தகடு என்றால் ஹோல்டரை மைனஸ்ஸில் போட்டால் ஓட்டை விழுவது குறையும்.

ஜூன் 8

இடத்தைக் காலி செய்தது. பொறி 10 மீட்டர் தாண்டியும் உருண்டு போகும். தின்னர், பெட்ரோல், மரத்தூள், அட்டைப்பெட்டி, துணி எல்லாம் வெளியே. சுவரில் இருக்கும் ஓட்டை, கதவடி இடைவெளி வழியாக மறுபக்கம் போகும் பொறியைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அவற்றை ஈரத்துணியால் அல்ல, தகரத்தால் மறைக்க வேண்டும். மணல் வாளி ஒன்று, ட்ரை பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில். வேலை முடிந்த பின் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கங்கு உடனே எரியாது, புகைந்து புகைந்து பிறகு பிடிக்கும்.

தரை ஈரமாக இருக்கக் கூடாது. ஆர்க் இல்லாதபோது ஹோல்டருக்கும் வேலைத்துண்டுக்கும் இடையே 60 முதல் 80 வோல்ட் நிற்கிறது. காய்ந்த கைக்கு அது பெரிதில்லை. வியர்த்து நனைந்த கை, ஈரச் செருப்பு, இரும்பின் மேல் உட்கார்ந்த உடம்பு என்றால் உயிரை எடுக்கும். ரப்பர் மேட் அல்லது காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த தோல் கையுறையோடுதான் ராடு மாற்ற வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்ற ஹோல்டரை அக்குளில் இடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்வதும் வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் மெஷின் பக்கமே வரக் கூடாது.

ஜூன் 11

கண். ஆர்க் ஒளி பட்டதும் கண்ணாடி தானாகக் கறுக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட்டில் 80 முதல் 130 ஆம்புக்கு ஷேட் (கறுப்பின் அளவு) 10 அல்லது 11. தரமான கண்ணாடி கறுக்காதபோதும் புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டே இருக்கும். கறுப்பது பார்வையைக் கூசாமல் காக்க. ஒவ்வொரு முறையும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு மாட்ட வேண்டும். பைப்புக்கு அடியில் தலையை நுழைத்து வேலை செய்யும்போது சென்சார் மறைந்துவிட்டால் ஆர்க் எரியும்போதே கண்ணாடி வெளுத்துவிடும். அந்த மாதிரி இடங்களுக்கு எப்போதும் கறுப்பாகவே இருக்கும் பழைய வகைக் கண்ணாடிதான் நல்லது.

"கண்ணில் வெல்டிங் அடித்துவிட்டது" என்பது உடனே தெரியாது. பகலில் பட்டது இரவில், 6 முதல் 12 மணி நேரம் கழித்து, கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல அறுக்கும். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணைக் கசக்காமல் இருட்டில் மூடி வைத்துக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை யாரோ கொடுத்தார்கள் என்று தானாக ஊற்றிக்கொண்டால் வலி மறையும், புண் ஆறுவது தள்ளிப்போகும். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளுக்கும் இதே கதிர்தான் படுகிறது. திரை கட்டாமல் தொடங்கக் கூடாது.

உடைக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, மடிப்பில்லாத பேன்ட் ஷூவின் மேல் விழும்படி, தோல் ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். ஹெல்மெட்டுக்கு அடியிலும் ஒரு சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்; ஸ்லாக் (ராடின் பூச்சு உருகி இணைப்பின் மேல் படியும் கசடு) ஆறும்போது தானாகவே தெறிக்கும், அப்போது ஹெல்மெட் மேலே ஏறியிருக்கும்.

ஜூன் 14

புகை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. திறந்த இடம், பக்கவாட்டில் மெல்லிய காற்று, புகைக்கு மேல் தலையை நீட்டாத உட்காரும் முறை, முகத்தில் என்95 வகை மாஸ்க். மாஸ்க் மட்டும் போட்டுக்கொண்டு மூடிய அறையில் வேலை செய்வது சரியல்ல.

ஜிஐ பைப்பில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. சூட்டில் வெள்ளைப் புகையாக வரும். சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை. பற்றவைக்கும் இடத்தின் இருபுறமும் சில சென்டிமீட்டர் வரை பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அந்தத் தூசிக்கும் மாஸ்க் வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் இரும்பைத் துடைத்துவிட்டுப் பற்றவைக்கவே கூடாது. அந்த ஆவி ஆர்க்கின் கதிரில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். எண்ணெய் போக அசிட்டோன் போதும், முழுதும் காய்ந்த பிறகுதான் ஆர்க்.

பழைய பெட்ரோல் டேங்க், பெயிண்ட் டப்பா, டிரம் எதையும் வீட்டில் பற்றவைக்க வேண்டாம். கழுவிவிட்டோமே என்ற சமாதானம் செல்லாது.

ஜூன் 15

ஆர்க் பிடிக்கும் பயிற்சி. 6 மிமீ தகடு, 2.5 மிமீ 6013 ராடு, 75 ஆம்ப். ராடைத் தீக்குச்சி போல உரசி, பொறி வந்ததும் சற்றே தூக்கி, உடனே கம்பியின் விட்டம் அளவு இடைவெளிக்கு இறக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டைச் சட்டென முறுக்கினால் விடும். விடாவிட்டால் ஹோல்டரின் பிடியை அழுத்தி ராடை விடுவிக்க வேண்டும். அடிக்கடி ஒட்டினால் பார்க்கும் வரிசை: கிளாம்ப், ராடின் ஈரம், அதற்குப் பிறகுதான் ஆம்ப். 5 முதல் 10 ஆம்ப் ஏற்றிப் பார்க்கலாம்.

ராடின் மேல்முனை போகும் திசைப்பக்கம் 15 டிகிரி சாய்ந்திருக்கட்டும். ராடு கரையக் கரையக் கை கீழிறங்கிக்கொண்டே வர வேண்டும். புதியவர்கள் பக்கவாட்டில் நகர்கிறார்கள், இறங்க மறக்கிறார்கள். ஆர்க் நீண்டு பொறி தெறித்து, பீடில் (உருகி உறைந்த வெல்டிங் கோடு) துளை விழுவது அதனால்தான். ஒளியைப் பார்க்காமல் உருகிய இரும்பின் பின்விளிம்பைப் பார்க்க வேண்டும். அது ராடின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் நின்றால் வேகம் சரி. சத்தமும் உதவும்: சீராகப் பொரியும் ஓசை.

ஜூன் 16

ஆறிய பீடுகளைத் தட்டிப் பார்த்தது. கயிறு போல உயர்ந்து மேலேயே உட்கார்ந்திருந்தால் ஆம்ப் குறைவு. தட்டையாகப் பரவி, ஓரத்தில் பள்ளம் விழுந்து, ராடின் பின்பாதி சிவந்துபோனால் ஆம்ப் அதிகம். நடுவில் ஸ்லாக் புதைந்திருந்தால் ராடின் சாய்வு தவறு அல்லது மெதுவாகப் போனதில் ஸ்லாக் முன்னால் ஓடிவிட்டது.

கண் ஏமாறும் என்பதால் ஒரு சோதனை: இரண்டு துண்டுகளை டி வடிவில் ஒருபக்கம் மட்டும் பற்றவைத்து, வைஸில் பிடித்துப் பீடின் பக்கமாகவே மடங்கும்படி சுத்தியலால் அடித்து உடைக்க வேண்டும். மூலையில் இரும்பின் பழைய விளிம்பு அப்படியே நேர்கோடாகத் தெரிந்தால் அங்கே உருகவே இல்லை. மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இணைப்பு சுமை தாங்காது. ஏணி, ஊஞ்சல், வாகன ஹூக் போன்றவற்றை இந்தச் சோதனை தொடர்ந்து தேறும் வரை கையில் எடுக்கக் கூடாது.

ஜூன் 21

முதல் வேலை: 40 × 40, 2 மிமீ சதுர பைப்பில் மேசைச் சட்டம். 2.5 மிமீ ராடு, 60 ஆம்ப், ஹோல்டர் மைனஸ்ஸில். நான்கு மூலைக்கும் 10 மிமீ டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டிங்) வைத்து, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று டேப் பிடித்த பிறகே முழு பீட். காந்தத்தை டாக் வைத்ததும் எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் இருந்தால் ஆர்க்கை ஒருபக்கம் இழுக்கும். ஒரு மூலை, அடுத்து எதிர் மூலை என்று மாற்றி மாற்றி 20 மிமீ துண்டுகளாகப் போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளாது. பீட் ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுப்பதைத் தடுக்க முடியாது, பங்கிட்டு விடத்தான் முடியும்.

பைப்பின் எல்லா முனைகளையும் மூடுவதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் 3 மிமீ துளை போட்டுவிட வேண்டும். உள்ளே சூடான காற்று வழியில்லாமல் கடைசி இடைவெளியை ஊதித் திறக்கும். எத்தனை முறை அடைத்தாலும் ஓட்டை விழும்.

ஜூன் 28

பராமரிப்பு. 6013 ராடு ஈரம் ஏறியிருந்தால் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் போதும், சமையல் அடுப்பில் அல்ல. 7018-க்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆகவே சிறிய பாக்கெட்டாக வாங்கித் திறந்ததை அன்றே முடிப்பது மேல்.

கிரைண்டரின் பொறி மெஷினின் ஃபேன் பக்கம் பறக்கவே கூடாது. இரும்புத்தூள் போர்டில் படிந்து ஷார்ட் ஆவது இன்வெர்ட்டர் சாகும் முக்கியக் காரணங்களில் ஒன்று. மாதம் ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் வெளியிலிருந்து ஊதினால் போதும். மூடியைத் திறக்க வேண்டாம்: உள்ளே கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை டிசி நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். ஹோல்டரின் இன்சுலேஷன் விரிசல் விட்டிருந்தால் டேப் சுற்றி ஓட்டாமல் ஹோல்டரையே மாற்றிவிட வேண்டும்.