சேலத்துப் பிள்ளைகள் வெளியே விளையாட: பம்பரம், குழிநரி, ஒரு துண்டு காந்தம்

"போனைக் கீழே வை, வெளியே போய் விளையாடு" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் அசையாது. போனாலும் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து வாசலில் நிற்கும். அது பிள்ளையின் குற்றமில்லை. தெருவில் கூட விளையாட ஆள் இல்லை, கையில் பொருள் இல்லை, என்ன செய்வதென்று காட்டித்தர அண்ணன் அக்கா கூட்டமும் இல்லை. முன்பு இதெல்லாம் தானாக அமைந்தது. இப்போது பெரியவர்கள்தான் அமைத்துக்கொடுக்க வேண்டும், அமைத்த பிறகு ஒதுங்கியும் நிற்க வேண்டும். இரண்டாவதுதான் பலருக்கு வருவதில்லை.

முதலில் நேரம். சேலத்தில் மார்ச் பாதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பகலில் 38, 39 டிகிரி சாதாரணம். அந்த மாதங்களில் காலை ஆறரையிலிருந்து எட்டரை, மாலை ஐந்துக்கு மேல், அவ்வளவுதான். பூங்காவில் இரும்புச் சறுக்குமரம் இருந்தால் முதலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் பிள்ளையின் தொடை கொப்பளிக்கும். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணிக்கு ஒரு தடவை நாலைந்து மடக்கு. தாகம் எடுத்ததும் குடிக்கட்டும் என்று விட்டால் ஆட்ட மும்முரத்தில் மறந்துவிடுவார்கள்.

பள்ளி நாட்களில் நேரத்துக்கு எதிரி வெயில் அல்ல, டியூஷன். பள்ளி விட்டு வந்ததும் ஆட்டம், விளக்கு வைத்த பிறகு வீட்டுப்பாடம் என்று மாற்றிப் பாருங்கள். 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கண்ணுக்கும் இதில் லாபம் உண்டு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், வெளியே மர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ். பகல் வெளிச்சத்தில் நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இருட்டிய பிறகு மொட்டை மாடியில் விளையாடினால் உடம்புக்கு நல்லது, கண்ணுக்கு அந்தப் பலன் கிடைக்காது.

ஆள் சேர்க்க ஒரே வழி, பக்கத்து இரண்டு மூன்று வீடுகளோடு பேசி ஒரே நேரத்தை வைத்துக்கொள்வது. நாலு பிள்ளை சேர்ந்துவிட்டால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வயது கூடக்குறைய, பெரிதும் சின்னதும் கலந்து இருப்பதே நல்லது. சின்னது ஒப்புக்குச் சப்பாணியாக நின்றே ஆட்டத்தைப் படித்துவிடும். யார் அவுட் என்ற சண்டையில் பெரியவர்கள் தலையிடக் கூடாது. ரத்தம் வந்தால் மட்டும் போங்கள்.

இனி கையில் கொடுக்கும் பொருள். பம்பரம் மாதிரி ஒன்று வேறில்லை. மரப் பம்பரமாக வாங்குங்கள். சாட்டை பருத்திக் கயிறாக இருக்கட்டும், நாலைந்து அடி போதும். நைலான் கயிறு மரத்தில் வழுக்கும். கயிற்றை லேசாக நனைத்துப் பிழிந்து சுற்றினால் பிடிப்பு கூடும். ஆணியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒரு சுற்றை ஒட்டி அடுத்த சுற்று என்று இழுத்துச் சுற்ற வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் கழலும்போது சிக்கி, பம்பரம் பக்கவாட்டில் விழும். தளர்வாகச் சுற்றினால் கையை விட்டதுமே கயிறு உருவிக்கொண்டு பொத்தென்று விழும். மறு நுனியில் முடிச்சுப் போட்டு விரலிடுக்கில் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஆணியைக் கீழ்நோக்கிப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து வீசி, தரையைத் தொடும் முன் கையைச் சுண்டி இழுக்க வேண்டும். சுண்டாமல் வெறுமனே வீசுவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் பிழை.

சுற்றுகிறது, ஆனால் குதித்துக் குதித்து உதறுகிறது என்றால் ஆணி கோணல். வீட்டில் பெரியவர் யாராவது குறடு வைத்து நேராக்கித் தரலாம். நின்ற இடத்தில் குழி தோண்டிக்கொண்டு சீக்கிரம் சாய்ந்தால் ஆணி முனை கூர் அதிகம். கருங்கல்லில் தேய்த்து முனையை மழுக்க வேண்டும். இறுகிய மண்தரை நல்லது, பொடிமணலில் பம்பரம் நிற்காது. மற்ற பிள்ளைகள் ஆறடி தள்ளி நிற்கட்டும், எதிரே யாரும் குனியக் கூடாது. கிட்டிப்புள்ளில் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். புள் கண் உயரத்தில்தான் பறக்கும்.

ஓடியாடப் பிடிக்காத பிள்ளைக்கு வேறு வழி. சன்ஷேடுக்குக் கீழே, கோயில் திண்ணை ஓரம், மழை படாத பொடிமண்ணில் புனல் வடிவத்தில் ஒன்று ஒன்றரை அங்குலக் குழிகள் இருக்கும். குழிநரி என்ற பூச்சி அடியில் மண்ணுக்குள் புதைந்து, கொடுக்கை மட்டும் விரித்து வைத்திருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சரியும். எறும்பு மேலே ஏறப் பார்க்கும், கீழேயிருந்து குழிநரி தலையால் மண்ணை வாரி வாரி அடிக்கும். மண்மழையில் எறும்பு மறுபடி சறுக்கும். ஒரு பிள்ளை இதை அரை மணி நேரம் குந்தியபடி பார்க்கும், யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. மண்ணோடு ஒரு கரண்டி அள்ளி, மூன்று அங்குல ஆழத்துக்குச் சலித்த உலர் மணல் போட்ட தயிர் டப்பாவில் விட்டால், பின்பக்கமாகவே நகர்ந்து வட்டமிட்டு மறுநாள் காலைக்குள் புதுக் குழி போட்டுவிடும். போடவில்லை என்றால் மணல் ஈரம், அல்லது பரல் பெரிது, அல்லது டப்பாவை யாரோ ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இதுதான் பின்னால் தட்டான் போலச் சிறகு முளைத்துப் பறக்கும் என்பதை அப்போது சொன்னால் போதும்.

மரம் ஏற விடுங்கள். கொய்யாவும் வேம்பும் நம்பலாம், கொய்யாக் கிளை வளையுமே தவிர லேசில் முறியாது. முருங்கை பட்டென்று முறியும். நாவல் கிளையும் பார்க்கப் பருமனாக இருந்து ஏமாற்றும். இரண்டு கை இரண்டு காலில் மூன்று எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும், கால் வைப்பது கிளை தண்டோடு சேரும் இடத்தில். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு தெரிந்தால் அது முசுறு என்ற கடிக்கும் எறும்பு, அந்த மரம் வேண்டாம். முக்கியமாக, பிள்ளையைத் தூக்கிக் கிளையில் உட்கார வைக்காதீர்கள். தானாக ஏறிய பிள்ளைக்கு இறங்கும் வழி தெரியும், தூக்கி வைத்த பிள்ளைக்குத் தெரியாது.

ஏரிக்கரைக்கு வாரம் ஒரு தடவை போகலாம். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010 வாக்கில் தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் நிறம் தெரியும், எதிரே இருந்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். எட்டு வயதுக்குக் கீழே பைனாகுலர் வேண்டாம், பறவையை அதற்குள் கொண்டுவர முடியாமல் எரிச்சலாகிவிடும். பெயரையும் முதலில் சொல்ல வேண்டாம். காக்கையைவிடப் பெரிதா, மைனாவைவிடச் சின்னதா? அலகு எப்படி? என்ன செய்கிறது? பதில் சொல்லிவிட்டால் முக்குளிப்பானையும் நாமக்கோழியையும் பிள்ளையே பிரித்துவிடும். ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பிள்ளைகளும் சேரலாம். குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் நின்று எண்ணி, பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சேலத்துக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மெல்லிய பாலிதீன் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு கஞ்சமலை அடிவாரத்துக்குப் போங்கள். மழைத்தண்ணீர் ஓடிக் காய்ந்த ஓடை மணலில் கறுப்பாகப் படிந்த கோடு இருக்கும். அதில் காந்தத்தை இழுத்தால் மணல் முள் முளைத்தாற்போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். கஞ்சமலைப் பாறையிலுள்ள மேக்னடைட் இரும்புத்தாது அது. பையைத் திருப்பிக் காந்தத்தை வெளியே எடுத்தால் தாது தனியாக உதிரும். பை இல்லாமல் வைத்தால் காந்தத்திலிருந்து சுரண்டி எடுக்கவே முடியாது. ஊருக்கு வடக்கே கிடைக்கும் வெள்ளைக்கல்லான மேக்னசைட்டை வேறுவிதமாகச் சோதிக்கலாம். ஒரு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும், வெள்ளைக்கல் சும்மா இருக்கும். கல்லை வழியிலோ கரையிலோ பொறுக்கினால் போதும், சுரங்கத்துக்குள்ளும் கல்குவாரிப் பக்கமும் போகவே கூடாது. குவாரித் தண்ணீரில் கரை சரிவாக இருக்காது, ஒரு அடி வைத்தால் ஆள் மூழ்கும் ஆழம்.

தெரியாத காயைக் கடிக்கக் கூடாது என்பதற்குப் பெயரோடு சொல்லுங்கள்: காட்டாமணக்குக் கொட்டை, அரளி, ஊமத்தை, குன்றிமணி. காட்டாமணக்கு கடலை போல ருசிக்கும் என்பதால்தான் பிள்ளைகள் கூட்டமாகத் தின்று வாந்தியெடுக்கிறார்கள். நாய் கடித்தால், பிறாண்டினால்கூட, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கொலுசு, மோதிரம், இடுக்கமான துணி எல்லாம் கழற்றி, அந்தக் கையையோ காலையோ அட்டை வைத்து அசையாமல் பிடித்து, பிள்ளையை நடக்க விடாமல் 108 வண்டியில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடி கேட்டால் ஏரிக்கரையிலிருந்து உடனே இறங்கிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி கழித்துத்தான் மறுபடி வெளியே.

ஏற்காட்டை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை மலைக்குப் போவது தினசரி மண்ணுக்கு ஈடாகாது. ஆனால் போகிறபோது படகுத்துறையோடு நின்றுவிடாமல் மலையையே காட்ட வேண்டும். சேலத்திலிருந்து அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவு. வாந்திக்குப் பயந்தால் ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, வண்டியில் முன்பக்கப் பார்வை, கையில் போன் கூடாது. உடம்பு திரும்புவதைக் காது உணரும், கண்ணோ அசையாத திரையைப் பார்க்கும், அந்த முரண்தான் குமட்டுகிறது. கீழே முள்காடு, இடையில் மூங்கில், மேலே சில்வர் ஓக் நிழலில் காபி, தண்டில் படர்ந்த மிளகு. எந்த வளைவில் எது மாறுகிறது என்று பிள்ளையே குறித்து வரட்டும். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் மேகாலயாவைச் சேர்ந்த குடுவைச் செடி இருக்கிறது, பூச்சியைப் பிடிக்கும் செடி என்றால் எந்தப் பிள்ளையும் நடந்து வரும். காபித் தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையக் கூடாது, காட்டுப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். காட்டெருமை தெரிந்தால் வண்டியிலேயே இருங்கள், இருட்டும் முன் இறங்கத் தொடங்குங்கள்.

அடிவாரத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் பிரிக்காமல் பிள்ளை மடியில் வையுங்கள், ஏற்காடு போவதற்குள் உப்பிக்கொண்டு நிற்கும். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. இறங்கும்போது மேலே காலி செய்த மெல்லிய தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கிக் கொடுங்கள், அடிவாரம் வருவதற்குள் பக்கம் ஒடுங்கிவிடும். மூடியைச் சரியாகத் திருகவில்லை என்றால் ஒன்றும் நடக்காது. காரணத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். காது ஏன் அடைத்தது என்ற கேள்வியோடு சேர்த்துப் பிள்ளையே கேட்கும்.