மதினி நேர்ந்த நேர்ச்சை

அம்மாவுக்குப் பேச்சு திரும்பினால், ஆரல்வாய்மொழிப் பக்கம் புனித தேவசகாயம் உயிர்விட்ட காற்றாடிமலைக்குக் கூட்டிவந்து மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டது பெற்ற மகள் நான் இல்லை, வீட்டுக்கு வந்த மருமகள். எங்கள் மதினி. பேச்சு வந்துவிட்டது. குழறல் இருக்கிறது, ஆனால் யாரைத் திட்டுகிறார் என்பது தெளிவாகவே புரிகிறது. இயேசுவுக்கு ஸ்தோத்திரம்!

ஆடியில் போகவேண்டாம், காற்று ஆளைத் தள்ளிவிடும் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். மதினி கேட்கவில்லை. "நேர்ந்ததைத் தள்ளிப்போடக் கூடாது." முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போதே வேன் ஆட ஆரம்பித்துவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையைப் பிடித்தவர், ஆரல்வாய்மொழி வந்துதான் கண்ணைத் திறந்தார்.

2022 மே 15-ல் விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த வேதசாட்சி தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம்தான். சந்தோஷம்தான். ஆனால் வேன் கதவைத் திறக்குமுன்னே நாலு பேர் மெழுகுதிரிக் கட்டை முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். வண்டி நிறுத்த ஒருவர் ஒரு தொகை கேட்டார், நகர்த்தி நிறுத்தச் சொல்லி இன்னொருவர் மறுபடியும் கேட்டார். புனிதர் மண்டியிட்ட இடத்தில் செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. முடியாதவர்கள் வருகிறார்களே என்று ஒதுங்க யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அண்ணனும், வள்ளியூர்ப் பக்கமிருந்து வந்திருந்த மூன்று பையன்களும் தூக்கினார்கள். அந்தப் பிள்ளைகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். அம்மாவின் இடது காலில் செருப்பு நிற்காது. கழன்று விழ விழ, குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டே மதினி பக்கத்தில் ஏறினாங்க. அவங்களுக்கே முட்டுவலி. தூக்கிப் படுக்கவைத்து, குளிப்பாட்டி, ராத்திரியில் புரட்டிப் போட்டு வந்த வலி.

பாறைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். திரியைக் கொளுத்தினால் காற்று அணைக்கிறது. மறுபடி கொளுத்தினால் மறுபடி அணைகிறது. கடைசியில் மதினி மண்டியிட்டு, இரண்டு கையையும் குவித்துச் சுடரைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டாங்க. அது எரிந்தது. அம்மா ஜெபிக்க ஆரம்பித்தார். குழறல் வாயால் பேரப்பிள்ளைகள் பேரெல்லாம், மாப்பிள்ளை வேலை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம், செத்துப்போனவர்கள் ஆத்துமம் என்று ஒன்று விடவில்லை. சூடான மெழுகு மதினியின் பெருவிரலில் சொட்டி, வழிந்து, வெள்ளையாக உறைகிறது.

"ஏட்டி, கைய எடு. சுட்டுரும்."

"நீங்க சொல்லி முடிங்க அத்தை."

எனக்கு அதற்குமேல் ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

1752 ஜனவரி 14-ல் இந்த மலையில்தான், கிறிஸ்தவரான தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு பாய்ந்ததைத்தான் எல்லாரும் சொல்வோம். பிடித்தது 1749-லேயே. ஏறத்தாழ மூன்று வருஷம் விலங்கு, அடி, காயத்தில் மிளகாய்ப்பொடி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய் அலைக்கழித்த அவமானம். விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் பத்மநாபபுரம் அரண்மனை உத்தியோகம் திரும்பக் கிடைத்திருக்கும். தினமும் விடிந்ததும் அதே முடிவை எடுக்கவேண்டும், அதுவும் பார்க்க ஆளில்லாத நேரத்திலும். சாவைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மதினி அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதும் யாரும் பார்ப்பதில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் "பரவாயில்லையே, நல்லா வச்சிருக்கிறான்" என்று அண்ணனைத்தான் பாராட்டிவிட்டுப் போவார்கள்!

மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டியதும் ணங்கென்று கேட்டது. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு, இன்னொரு தட்டு தட்டச் சொன்னார். இறங்கி, கோட்டாறு சவேரியார் கோயிலில் புனிதரின் கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டோம். அங்கே கூட்டமில்லை. அம்மா நெற்றியை வைத்து வெகுநேரம் இருந்தார். என்ன கேட்டீங்க என்றதற்கு, "எல்லாம் அவளுக்குத்தான்" என்று மதினியைக் காட்டினார்.

புனித தேவசகாயமே, உமக்கு நன்றி, ஆயிரம் நன்றி. அம்மாவுக்குப் பேச்சு கொடுத்தீர். இந்த மதினியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தீர். படிக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கள், மதினியின் முட்டுவலிக்காக.