ஒருமித்த தீர்ப்பை ஏற்காத சட்டம்

சட்டக் கல்லூரியில் ஒப்பியல் சட்டம் கற்பித்த ஆண்டுகளில், மாணவர்களை மிகுதியாக விவாதிக்க வைத்த பாடம், யூதச் சட்டம் கொலை வழக்குகளுக்கு வகுத்த விசாரணை முறையே ஆகும். அத்தகைய வழக்கை 23 நீதிபதிகள் விசாரிக்க வேண்டும். விடுவிக்க ஒரு வாக்கு மிகுந்தால் போதும், தண்டிக்க இரண்டு மிக வேண்டும். விடுதலையை அன்றே அறிவிக்கலாம், தண்டனையை மறுநாள்தான் அறிவிக்கலாம் என்கிறது யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சன்ஹெத்ரின் பகுதி. இதுவரை யாரும் மறுப்பதில்லை. ஆனால், 23 பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்துவிட வேண்டும் என்று, மிஷ்னாவை விரித்துரைக்கும் நூலான தல்மூத் கூறும் இடத்தில் வகுப்பு முழுவதும் எதிர்த்து எழும்.

தல்மூத் தரும் காரணத்தை நான் பொறுமையாக விளக்குவேன். தண்டனையை ஓர் இரவு தள்ளிவைப்பதே குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான வாதம் ஏதேனும் தென்படுமா என்று தேடுவதற்காகத்தான். நீதிபதிகள் இருவர் இருவராகச் சேர்ந்து, குறைவாக உண்டு, மதுவைத் தவிர்த்து, இரவெல்லாம் வழக்கை ஆராய வேண்டும். அவர் பக்கம் பேச மன்றத்தில் ஒருவரும் இல்லையென்றால், அந்த இரவுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

இதே வழக்குகளில் இளைய நீதிபதிகளே முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். மூத்தவர் பேசிய பிறகு அவரை மறுக்க இளையவர் தயங்குவார் அல்லவா? கல்லூரியின் ஒழுங்கு விசாரணைக் குழுவில் பணியாற்றியபோது இம்முறையைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொண்டேன். அதன்பின், அதுவரை தலையசைத்து வந்த இளம் விரிவுரையாளர்கள் மாணவர் தரப்பு நியாயங்களையும் எடுத்துவைக்கத் தொடங்கினர்.

மிஷ்னாவின் மக்கோத் பகுதியில், ஒரு மன்றம் எழுபது ஆண்டுகளுக்கு ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினாலும் அது அழிவு செய்யும் மன்றமே என்கிறார் யூதச் சட்ட அறிஞர் ரபீ எலெயாசர் பென் அசரியா. தாங்கள் மன்றத்தில் இருந்திருந்தால் ஒருவரும் கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்கின்றனர் தர்போன், அகிவா என்னும் அறிஞர்கள். எப்படி? கொல்லப்பட்டவரின் உடலில் வாள் பாய்ந்த இடத்தில் முன்பே உயிர்போக்கும் துளை இருந்திருக்கலாமே என்று சாட்சிகளைக் கேட்டிருப்பார்கள் என விளக்குகிறது தல்மூத். அப்படியானால் அவர்கள் இஸ்ரவேலில் கொலைகாரர்களைப் பெருக்கியிருப்பார்கள் என்று ரப்பான் சிமியோன் பென் கமாலியேல் மறுக்கிறார். அந்த மறுப்போடுதான் அத்தியாயம் முடிகிறது. கொல்லப்பட்டவரின் குடும்பத்தை நினைக்கும்போது அதன் வலிமையை நான் உணர்கிறேன். ஆயினும், தவறாகக் கொடுத்த மரண தண்டனையை எந்த மன்றமும் திரும்பப் பெற முடியாது என்பதால், நான் அகிவாவின் பக்கமே நிற்கிறேன்.