குளிரும் கெடுக்கும்

யாழ்ப்பாணத்தில் தடுப்பூசியைப் பாதுகாப்பது பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் வெக்கையைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் பொதுச் சுகாதார சேவையில் இருந்த காலம் முழுவதும் என்னை அதிகம் கவலைப்படுத்தியது குளிர்தான்.

கொழும்பிலிருந்து வரும் தடுப்பூசி, மாவட்டக் களஞ்சியம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆகியவற்றைக் கடந்து கிராமத்துத் தாய் சேய் நல நிலையத்தில் குழந்தைக்கு ஏற்றப்படும்வரை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். வெப்பம் கூடினால் காட்டிக்கொடுக்கப் பல குப்பிகளில் ஓர் அடையாளம் உண்டு: வட்டத்தினுள் ஒரு சதுரம். சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைக் கழித்துவிட வேண்டியதுதான். உறைந்த குப்பியை அந்த அடையாளம் காட்டாது. ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட், ஏற்புவலித் தடுப்பூசி போன்றவற்றில் மருந்துப் பொருள் அலுமினிய உப்பில் ஒட்டியிருக்கும். ஒருமுறை உறைந்தால் அந்த உப்பு திரண்டு, உருகிய பின்னும் பழைய நிலைக்கு வராது. போலியோ சொட்டு மருந்தோ இதற்கு நேர்மாறு, உறைவதைத் தாங்கும், வெப்பத்தைத் தாங்காது.

சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் வெளிச்சத்தில் நிறுத்துவோம். உறைந்ததில் வெண்துகள்கள் விரைவாக அடியில் படிந்து மேலே நீர் தெளிந்துவிடும்; நல்லதில் கலங்கல் நெடுநேரம் நிற்கும். அதற்காக ஒரு நல்ல குப்பியைப் பலிகொடுக்க வேண்டும் என்பதாலேயே சிலர் இதைத் தவிர்ப்பார்கள். என் கணக்கில் அது வீண் சிக்கனம்.

பயணத்தில் குப்பி எளிதில் உறைந்துவிடும். நெடுந்தீவுக்கு மருந்து போகும் நாளில், குறிகட்டுவான் துறையில் படகைத் தவறவிடக்கூடாதே என்ற அவசரத்தில், ஐஸ் பக்குகளை (தண்ணீர் நிரப்பி உறையவைத்த உறைகளை) உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். அப்போது அவற்றின் குளிர் பூச்சியத்துக்கும் வெகு கீழே இருக்கும். மேலே நீர்த்துளி அரும்பி, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருக்க வேண்டும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளித்துப் படகு பிந்தும் என்று பயந்து இன்னும் இரண்டு பக்குகளைத் திணிப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல்.

2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை என்ற பேச்சே எங்கும் இருந்தது. ஆனால் தடுப்பூசிக்கென அமைந்த, உட்சுவரில் பனிக்கட்டி அடுக்குக் கொண்ட குளிர்சாதனப் பெட்டிக்கு நாளுக்கு எட்டு மணித்தியால மின்சாரம் கிடைத்தாலே போதும், மூடியை அடிக்கடி திறக்காவிட்டால். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு அந்தத் தாங்கும் திறன் இல்லை.

குப்பிகள் ஐஸ் பக்கைத் தொடாதபடி இடைச்சுவர் வைத்த பெட்டிகள் இப்போது வந்திருக்கின்றன. அவை முதலில் தீவுகளுக்குப் போக வேண்டும். பாரம் சற்றுக் கூடுதல் என்பதால், ஆடும் படகிலிருந்து அதைத் தூக்கி இறங்கப்போகும் மருத்துவமாதுவைக் கேட்டுத்தான் பெட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.